மகனுக்கு ஸ்ரான்லி எண்டு வைக்கலாமோ? எழுத்து எப்பிடி?

முறிகண்டியான்:
பிள்ளை பிறந்து 20 நாள். கிளிநொச்சியில பதியவேணும். ஸ்ரான்லி எண்டு வைக்க வீட்டில எல்லாருக்கும் விருப்பம். பெரியப்பா மட்டும் அது வெள்ளைக்காரற்ற குடும்பப் பேர், ஆளின்ர பேரில்லை எண்டுறார். சரியோ? தமிழில ‘ர’ போடுறதோ, ‘ட’ போடுறதோ?

கல்மடு:
பெரியப்பா சொல்லுறது பாதி சரி. முதல்ல அது ஊர்ப்பேர், பிறகு அந்த ஊர்க் குடும்பத்தின்ர பேர். ஆம்பிளைப் பிள்ளையளுக்குப் பரவலா வைக்கத் தொடங்கினது 19ஆம் நூற்றாண்டில. ஆபிரிக்காவுக்குப் போன ஹென்றி மோர்ட்டன் ஸ்ரான்லிக்கே அது பிறப்புப் பேரில்லை. 1841இல பிறக்கேக்க அவர் ஜோன் ரோலண்ட்ஸ்.

பழைய ஆங்கிலத்தில முன்பாதி கல், பின்பாதி காட்டுக்குள்ள திறந்த வெளி. எங்கட பாசையில கல்வெட்டை. வன்னிப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேணும்! வெஸ்லியின்ர கடைசியிலயும் அதே வெளிதான்: மேற்கு வெளி.

ஒட்டுசுட்டான்:
எழுத்திலதான் கவனம். ரீச்சர், ரயர் மாதிரி ‘ஸ்ர’ எண்டு எழுதினா எங்கட ஆக்களுக்கு விளங்கும். வெளியில மொழிபெயர்க்கிறவர் அதை எழுத்துக்கெழுத்து மாத்தினா ஆங்கிலத்தில ‘ரி’ (T) போய் ‘ஆர்’ (R) வந்திடும், பேர் Sranli ஆகிடும். ஸ்டான்லி எண்டு போடுங்கோ, கூப்பிடுறது எப்பிடியும் கூப்பிடலாம்.

ஆங்கில எழுத்தை ஒரு துண்டில பெரிசா எழுதிக் கொண்டுபோங்கோ: எஸ், ரி, ஏ, என், எல், ஈ, வை. அடிக்கடி விடுபடுறது அந்த ‘ஈ’. சாதாரண தர விண்ணப்பத்தில ஒண்டு, அடையாள அட்டையில இன்னொண்டு எண்டு வந்தா பாஸ்போட் எடுக்கேக்க இழுபறிதான்.

42 நாளுக்குள்ள பதியுங்கோ. கையெழுத்து வைக்க முதல் பதிவை எழுத்துக் கூட்டி வாசியுங்கோ. வைச்ச பிறகு பிழை கண்டா பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பத்தோடயும் ஆதாரங்களோடயும் அலையவேணும்.

கல்மடு:
இன்னொண்டு. பாஸ்போட் படிவத்தில குடும்பப் பேர்க் கூட்டைக் கண்டவுடன, ‘இது ஆங்கிலக் குடும்பப் பேர்தானே’ எண்டு ஸ்ரான்லியை அதுக்குள்ள போட்டிடாதேங்கோ. அங்க தகப்பன் பேர். ஸ்ரான்லி மற்றப் பேர்க் கூட்டில. மாறிப் போட்டா வெளிநாட்டில தகப்பன்ர பேரைச் சொல்லித்தான் மகனைக் கூப்பிடுவாங்கள், தங்கச்சி பிறந்தா அவளுக்கு வேற குடும்பப் பேர்.

ஸ்ரான்லியின்ர பிள்ளையளுக்குத்தான் அது அந்தக் கூட்டுக்குள்ள போகும். அப்ப பெரியப்பா சொன்னதும் முழுசாச் சரியாகிடும்.