1/24 பிளாஸ்டிக் மாடல் கார் கிட்: கிளியர் கோட்டில் தெரியும் கோளாறு எங்கே ஆரம்பிக்கிறது? (அனுபவப் பகிர்வு)

நிஜக் காரில் 24-ல் ஒரு பங்கு அளவுள்ள மாடல் காரின் பாடியில் உள்ள குறை கண்ணில் படுவது, கிளியர் (கலரின் மேல் அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு) அடித்து முடித்த பிறகுதான். ஆனால் அது அன்றைக்கு வந்த குறை இல்லை. முக்கால்வாசி, ப்ரைமருக்கு (கலருக்கு அடியில் போடும் முதல் பூச்சு) முன்பே வந்து உட்கார்ந்திருக்கும். அதனால் பெயின்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் வெறும் பிளாஸ்டிக்கில் செய்ய வேண்டியதை எழுதுகிறேன்.

முதலில் அச்சு வரி. அச்சின் துண்டுகள் சேரும் இடத்தில் முடி போல ஒரு கோடு விழும். பெரும்பாலும் முன் மட்கார்டின் மேலே தொடங்கி, கண்ணாடித் தூண் ஓரமாக ஏறி, கூரை ஓரம் ஓடி, டிக்கியின் மூலையில் இறங்கும். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் இது தெரியவே தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து நகத்தால் தடவிப் பார்த்தால் சிக்கும். பிளேடை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டிவிட்டு 600, பிறகு 1000 உப்புத்தாள். நேராகக் கரடான 400 போட்டால் அந்தக் கீறல் மெட்டாலிக் பெயின்டுக்கு அடியில் கண்டிப்பாகத் தெரியும்.

அடுத்தது கதவு, பானெட் ஓரக் கோடுகள். இதில் கணக்கு முக்கியம். நிஜக் காரில் கதவு இடைவெளி சுமார் 4 மி.மீ. என்றால் 1/24-ல் அது 0.17 மி.மீ. ப்ரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கச் சுவரில் 0.05 மி.மீ. ஏறினாலே, இரண்டு பக்கமும் சேர்த்து 0.1 போய்விடும். மிச்சம் இருப்பது வெறும் தடம். எனவே ப்ரைமருக்கு முன்பே எல்லாக் கோடுகளையும் ஆழப்படுத்த வேண்டும். அகலப்படுத்தக் கூடாது. 0.15 மி.மீ. ஸ்கிரைபர் (கோடு கீறும் கருவி) இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கத்தியின் முதுகுப் பக்கமே போதும். அழுத்தமே இல்லாமல் எட்டுப் பத்து முறை இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் ஆழம் வேண்டும் என்று அழுத்தினால், வளைவு வரும் இடத்தில் கத்தி கோட்டை விட்டு ஓடிவிடும். ஓடிய கீறலுக்குப் பட்டி வேண்டாம், சயனோ பசை (சூப்பர் க்ளூ) ஒரு துளி விட்டு, கெட்டியானதும் தேய்த்துவிடுங்கள். கெட்டியான உடனேயே தேய்க்க வேண்டும். மறுநாள் என்றால் பசை சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, தேய்க்கும்போது சுற்றுப்புறம்தான் பள்ளமாகும்.

பட்டி பார்ப்பதிலும் இதே அவசரம்தான் கெடுக்கிறது. ட்யூபில் வரும் லாக்கர் (தின்னர் ஆவியாகிக் காயும் வகை) பட்டி, தின்னர் ஆவியாக ஆவியாகச் சுருங்கும். ஒரே தடவையில் தடிமனாக அப்பினால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். தேய்த்த அன்று சமமாக இருந்த இடம், பெயின்ட் ஏறி ஒரு வாரம் கழித்து லேசாகக் குழிந்திருக்கும். மெல்லிசாக மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு நாள்.

கடைசியாகப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய பல் பிரஷ்ஷால் கழுவி, காற்றில் உலரவிட வேண்டும். அதற்குப் பிறகு வெறும் விரல் படக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் மீன் கண் மாதிரி வட்டமாக விலகும்.

* * *

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கழுவுவதற்கு முன், பாடியை சேசிஸில் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள். உள்ளே சீட் தொட்டியும் கண்ணாடியும் டேஷ்போர்டும் இருக்கும்போது மாட்டிப் பார்க்க வேண்டும். வெறும் சேசிஸ் எப்போதும் சரியாகத்தான் உட்காரும். பெயின்ட் அடித்த பாடியை விரித்து சேசிஸை நுழைக்கும்போதுதான் கதவுக்குக் கீழே இருக்கும் மெல்லிய பட்டையில் விரிசல் விழும். எங்கே இடிக்கிறது என்று பார்த்து, சீட் தொட்டியின் மேல் ஓரத்தை அரை மி.மீ. தேய்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பெயின்டும் இடம் பிடிக்கும் என்பதால், மாட்டும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும்.

* * *

கலர் அடிப்பதற்கு வருகிறேன்.

ஸ்ப்ரே கேன் என்றால் 40 டிகிரி தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு, ஒரு நிமிடம் முழுக்கக் குலுக்க வேண்டும். உள்ளே அழுத்தம் கூடி, துளி சின்னதாகும். கொதிநீர் கூடவே கூடாது, 50 டிகிரியைத் தாண்டினால் கேன் வெடிக்கும் அபாயம் உண்டு. தூரம் 20 முதல் 25 செ.மீ. பாடிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, பாடிக்கு வெளியே போய்த்தான் விட வேண்டும். பாடி மேலேயே தொடங்கினால் அந்த முதல் துப்பல் அங்கேயே விழும்.

முதல் கோட் தூவல் மட்டும். அடியில் இருப்பது தெரிந்தால் தெரியட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து இரண்டாவது, பிறகு ஈரமாகப் பளபளக்கும் அளவுக்கு மூன்றாவது. ஈரக் கோட்டைத் தைரியமாக அடிக்காதவர்களுக்குத்தான் ஆரஞ்சுத் தோல் (பழத்தோல் மாதிரி மேடு பள்ளமான பரப்பு) வரும். துளி பாடியைத் தொடுவதற்குள் பாதி காய்ந்துவிடுகிறது, பரவ நேரமில்லை. காரணம் தூரமாக இருக்கலாம், சூடான அறையாக இருக்கலாம். ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் கருவி) தின்னர் போதாததாகவும் இருக்கலாம். லாக்கருக்கு 0.3 மி.மீ. ஊசி, 1 முதல் 1.4 பார் அழுத்தம், ஒரு பங்கு பெயின்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு லெவலிங் தின்னர் என்று வைத்துத் தொடங்கலாம். அந்தத் தின்னரில் ரிடார்டர் இருப்பதால் காய்வது தாமதமாகி, பெயின்ட் தானே சமமாகும்.

காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாளில் லாக்கர் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிகிறது. கருப்பு, அடர்நீலத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். பூத்துவிட்டால் உடனே தேய்க்க வேண்டாம். ஈரம் குறைந்த நாளில் லெவலிங் தின்னரை மட்டும் மிக மெல்லியதாகத் தூவினால், மேல்தோல் இளகி ஈரம் வெளியேறி, பெரும்பாலும் பழைய பளபளப்பு திரும்பும்.

மெட்டாலிக் கலரில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பம்பர், சைடு மிரர் உறை, தனியாக வரும் பானெட் எல்லாவற்றையும் பாடியோடு ஒரே நேரத்தில், காரில் எந்தக் கோணத்தில் இருக்குமோ அதே கோணத்தில் நிறுத்தி அடிக்க வேண்டும். அலுமினியத் துகள் படுக்கும் திசையைப் பொறுத்து நிறம் மாறித் தெரியும். பம்பரைத் தட்டில் மல்லாத்திப் போட்டு அடித்தால், அதே கேனில் அடித்தும் வேறு கார் பம்பர் மாதிரி இருக்கும். கடைசிக் கோட்டை ஈரமாக அடிக்காமல் சற்றுத் தள்ளிப் பிடித்துத் தூவலாக முடிப்பதும் இதற்காகத்தான். ஈரத்தில் துகள்கள் மிதந்து திட்டுத் திட்டாகச் சேரும். பளபளப்பைக் கிளியர் பார்த்துக்கொள்ளும்.

* * *

சிவப்புப் பிளாஸ்டிக்கில் வந்த கிட்டை வெள்ளைக் காராக்க நினைப்பவர்களுக்கு: எத்தனை கோட் வெள்ளை போட்டாலும் இளஞ்சிவப்பாகவே வரும். பிளாஸ்டிக்கில் உள்ள சாயம் தின்னரில் கரைந்து மேலே ஏறுகிறது. ப்ரைமருக்கு முன் சில்வர் இரண்டு கோட், நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளை ப்ரைமர். சில்வரில் உள்ள துகள் அடுக்கு அந்தச் சாயத்தைத் தடுத்துவிடும்.

* * *

கிளியர் எல்லாக் காருக்கும் கட்டாயம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) இல்லாத ஒற்றைக் கலர் காருக்கு, டமியா டிஎஸ் வரிசை மாதிரி தானே பளபளக்கும் லாக்கராக இருந்தால், கலரையே ஒரு கோட் கூடுதலாக அடித்து பாலிஷ் பண்ணினால் போதும். படலம் மெலிசாக இருக்கும், முதலில் சொன்ன கதவுக் கோடுகளும் பிழைக்கும். மெட்டாலிக் என்றால் கிளியர் வேண்டும், அதை நேராகப் பாலிஷ் பண்ணினால் துகள் வெட்டுப்பட்டுக் கறுத்துவிடும்.

டெக்கல் மேல் கிளியர் அடிப்பதுதான் அதிகம் பேர் காரைக் கெடுத்துக்கொள்ளும் இடம். டிஎஸ்-13 போன்ற லாக்கர் கிளியரில் உள்ள தின்னர் கடுமையானது. ஈரமாக அடித்த நொடியில் டெக்கல் சுருங்கும் அல்லது மை கரையும். முறை இது. டெக்கல் ஒட்டிய பிறகு, மேலே மிச்சமிருக்கும் சாஃப்டர் (டெக்கலை இளக்கிப் படியவைக்கும் திரவம்) கறையையும் பசையையும் ஈரப் பஞ்சால் துடைத்து, இரண்டு நாள் காயவிட வேண்டும். பிறகு தூரத்திலிருந்து புகை மாதிரி இரண்டு மூன்று தூவல், ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை மணி நேரம். பரப்பு சொரசொரப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அதுதான் கவசம். மறுநாள்தான் ஈரக் கோட்.

டெக்கலுக்கு அடியில் வெள்ளி மாதிரி மின்னுவது மாட்டிக்கொண்ட காற்று. மங்கலான பரப்பின் மேல் ஒட்டினால் வரும். ஊசியால் இரண்டு குத்து, அதில் ஒரு துளி சாஃப்டர், ஈரப் பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தல். சாஃப்டர் போட்டதும் டெக்கல் சுருங்கி நெளியும், அப்போது தொடாதீர்கள். தானே படியும்.

பாலிஷுக்கு ஒரு வாரம் பொறுக்க வேண்டும். மூக்கருகே வைத்து முகர்ந்தால் தின்னர் வாசனை வரக் கூடாது, அதுதான் கணக்கு. தண்ணீர் தொட்டு 2000, 3000 உப்புத்தாள், பிறகு கரடு, நைசு, ஃபினிஷ் என்று மூன்று காம்பவுண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித் துணி. ஒரே துணியென்றால் கரடின் மணல் கடைசி வரை கீறிக்கொண்டே இருக்கும். மட்கார்டு மடிப்பு, பானெட் ஓரம் இங்கெல்லாம் பெயின்ட் எப்போதும் மெலிசு. அவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தேய்க்க வேண்டும், கடைசியில் டேப்பை எடுத்துக் காம்பவுண்டால் மட்டும் ஒருமுறை.

* * *

இரண்டு பாகம் கலக்கும் யூரித்தேன் கிளியரைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. பளபளப்பில் அதை அடிக்க ஆளில்லை என்பது உண்மைதான். ஆனால் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், அடுத்த தடவை கொஞ்சம் பட்டாலே ஆஸ்துமா மாதிரி மூச்சுத்திணறல் வரும். தூசு மாஸ்க் இதற்குப் பிரயோஜனமே இல்லை. சரியான சுவாசக் கவசமும் காற்றை வெளியே தள்ளும் பெட்டியும் இல்லாதவர்கள் லாக்கரோடு நிற்பது நல்லது.

* * *

குரோம் விஷயம்.

கிட்டில் வரும் குரோம் பாகங்களை ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் சேர்ந்து வரும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டிய இடத்தில் வெள்ளைத் தழும்பு விழும். அதற்கு குரோம் மார்க்கரால் ஒரு பொட்டு. பாகமே தடிமனாகப் பொம்மை மாதிரி இருந்தால் குரோமைக் கழற்றிவிடலாம், ப்ளீச்சில் போட்டால் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் போய்விடும். ப்ளீச்சோடு வேறு எந்த கிளீனரும், குறிப்பாக ஆசிட், சேரக் கூடாது. குளோரின் வாயு வரும். அடியில் மிஞ்சும் மஞ்சள் நிற வார்னிஷ் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் இளகும். புதிதாக குரோம் அடிக்க, பளபளக்கும் கருப்பு அடித்தளம் வேண்டும். கருப்பு எவ்வளவு கண்ணாடியாக இருக்கிறதோ அவ்வளவுதான் குரோம். அதன் மேல் கிளியர் அடித்தால் சாதாரண சில்வராக மங்கிவிடும்.

ஜன்னல் ஓரப் பட்டைகளுக்கு ஒட்டும் ஃபாயில்தான் சரி. தேவையைவிட அகலமாக வெட்டி ஒட்டி, பல்குச்சியை மழுக்கி அதால் அழுத்தி, பட்டையின் ஓரம் தெரிந்ததும் புது பிளேடால் ஓர் இழுப்பு. பிளேடைப் பற்றிக் கஞ்சத்தனம் வேண்டாம், மழுங்கியது ஃபாயிலைக் கிழிக்கும்.

கண்ணாடி ஒட்டச் சயனோ பசை ஆகாது. அதன் ஆவி படிந்து கண்ணாடி பனி மூடியது போலாகும். வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் நிறமே இருக்காது. கருப்பு ஓரத்தை உள்பக்கமிருந்து அடிக்க வேண்டும்.

* * *

எஞ்சினுக்கு வயர் போடுகிறவர்கள் கையில் கிடைத்த வயரைப் போட்டுவிடுகிறார்கள். நிஜத்தில் 8 மி.மீ. இருக்கும் ப்ளக் வயர் 1/24-ல் 0.33 மி.மீ. தான். 0.4 மி.மீ. துரப்பணத்தால் துளை போட்டு நுழைத்தால் பசையே அதிகம் தேவைப்படாது. 50 மி.மீ. சீட் பெல்ட் 2.1 மி.மீ.

டயருக்குச் சொல்ல இரண்டு விஷயம். நடுவில் ஓடும் வரியை 400 உப்புத்தாளால் தேய்த்தால் வரியும் போகும், புது ரப்பர் மினுக்கமும் போகும். இரண்டாவது, பழைய கிட்களில் வரும் மென்மையான வினைல் டயரை மற்ற பாகங்களோடு ஒரே கவரில் வைக்காதீர்கள். வினைலை மென்மையாக்கும் எண்ணெய் வருடக்கணக்கில் கசிந்து, பாலிஸ்டைரீனைத் தொட்ட இடத்தில் கரைக்கும். கண்ணாடிப் பாகத்தில் டயரின் பள்ளமேட்டு வடிவம் அப்படியே அச்சாகப் பதிந்திருக்கும், அதைப் பாலிஷ் பண்ணி எடுக்க முடியாது. கட்டி முடித்த காரிலும் இதே கதைதான், சக்கரம் உள்ளிருந்து இளகும். டயர் மாட்டும் முன் சக்கரத்தின் விளிம்பில் ஃபாயில் ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள், வெளியே தெரியாது.