மிக்சர் டப்பாவைப் பரணில் ஏற்றுவது கோழைத்தனமா?

மஞ்சக்குப்பத்தாள்:
நேற்று லாஸ்பேட்டைக்காரர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை, அதனால் தனி இழையாகவே போடுகிறேன். எடை குறைக்க முயற்சி செய்கிற ஒரு பெண், மிக்சர் டப்பாவைப் பரண் மேல் ஏற்றிவிட்டேன், கண்ணில் படாததால் கையும் போகவில்லை என்று எழுதியிருந்தார். பாவம், சந்தோஷமாகத்தான் எழுதினார். அதற்கு இவர் சொன்ன பதில்: "டப்பாவை ஒளித்து வைப்பது கோழைத்தனம். மன உறுதி உள்ளவன் எதிரே வடை இருந்தாலும் தொட மாட்டான்." அந்தப் பெண் அதன் பிறகு ஒன்றுமே எழுதவில்லை.

எங்கள் அலுவலகத்தில் நாலு மணிக்கு டீ கேனோடு வடைக் கூடையும் வரும். கூடை இறங்குவது என் மேஜை ஓரத்தில்தான், ஏனென்றால் அங்குதான் கொஞ்சம் காலி இடம். மேலே மூடிய வாழையிலையை எடுத்ததும் பருப்பு வடையின் சோம்பு வாசனை முகத்தில் அடிக்கும். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட சாம்பார் சாதம் அந்த நேரத்துக்கு வயிற்றில் இருக்காது. நான் செய்தது இரண்டு காரியம். கூடையைச் சன்னல் பக்கம் வைக்கச் சொன்னேன், மூன்றரைக்கே ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட ஆரம்பித்தேன். வடை நின்றுவிட்டது. இதில் எங்கே சார் வந்தது கோழைத்தனம்?

லாஸ்பேட்டைக்காரன்:
நான் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். காலையில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வண்டி விடாத நேரத்தில் ஓடுகிறேன். திரும்பும் வழியில் பேக்கரியில் பப்ஸ் அடுப்பிலிருந்து இறங்கும் நேரம். நான் தெருவை மாற்றிக்கொண்டு போகவில்லை, கடை முன்னாலேயே நடந்து வருகிறேன், வாங்குவதில்லை. இதுதான் உறுதி. நீங்கள் கூடையைச் சன்னலுக்கு நகர்த்தினீர்கள், சரி. நாளைக்குக் கல்யாண வீட்டில் பந்தியையே நகர்த்தச் சொல்வீர்களா?

மஞ்சக்குப்பத்தாள்:
கல்யாணப் பந்தி வருஷத்தில் சில நாள். வடைக் கூடை வாரத்தில் ஐந்து நாள். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். கண்ணில் படுவதும் கைக்கு எட்டுவதும் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதை மாற்றும் என்று ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 40 பெண் ஊழியர்களின் மேஜையில் சாக்லேட் கிண்ணம் வைத்தார்கள். உள்ளே தெரிகிற கிண்ணம், தெரியாத கிண்ணம் இரண்டையும் பக்கத்திலும் 2 மீட்டர் தள்ளியும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும்படி இருந்தபோதுதான் அதிகம் தின்றார்கள். 2006-ல் வெளிவந்த ஆய்வு.

லாஸ்பேட்டைக்காரன்:
வந்தீர்களா வழிக்கு. அந்த ஆய்வு யாருடையது என்று ஏன் எழுதவில்லை? பிரையன் வான்சிங்க். 2018-ல் கார்னெல் பல்கலைக்கழகமே அவர் ஆய்வில் முறைகேடு செய்தார் என்று அறிவித்தது, பதவியை விட்டே போனார். ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழ்கள் அவருடைய 6 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. அப்படிப்பட்டவருடைய கிண்ணத்தை நம்பித்தான் நீங்கள் பரணில் டப்பா ஏற்றுகிறீர்கள்.

கோரிமேடு:
ஒரு சின்ன விளக்கம் கேட்கலாமா? இங்கே எடை அதிகம் என்று எதைச் சொல்கிறோம்? நம் ஊர் மக்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25-ஐத் தாண்டினால் பருமன் என்று கணக்கு. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. யார் எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரியாமல் பேசினால் இது எங்கும் போய்ச் சேராது.

மஞ்சக்குப்பத்தாள்:
வான்சிங்க் ஒருவரோடு இந்த விஷயம் முடிந்துவிடவில்லை சார். அவருக்கு வெகு முன்னால் 1970-லேயே ஸ்டான்ஃபோர்டில் உளவியல் ஆய்வாளர் வால்டர் மிஷெல், பொறுத்திருந்தால் பிடித்த தின்பண்டம் கிடைக்கும் என்று சொல்லிக் குழந்தைகளைக் காக்க வைத்துப் பார்த்தாரே, தின்பண்டம் கண் எதிரே இல்லாத குழந்தைகள்தான் அதிக நேரம் பொறுத்திருந்தார்கள். அதெல்லாம் போகட்டும், 2019-ல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வெளியிட்ட திறனாய்வும் உணவைத் தள்ளி வைத்தால் உண்பது குறையக்கூடும் என்றுதான் சொல்கிறது. சான்றின் உறுதி குறைவு என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள், நான் மறைக்கவில்லை.

லாஸ்பேட்டைக்காரன்:
"சான்றின் உறுதி குறைவு." நீங்களே எழுதிவிட்டீர்கள், நன்றி. முதலில் முறைகேட்டுப் பேராசிரியர், அப்புறம் உறுதி குறைந்த சான்று.

நெல்லிக்குப்பம் வாசி:
இரண்டு பேரும் மூலக் காரணத்தை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தி நாட்டுச் சர்க்கரைக்கு மாறினாலே எடை தானாக இறங்கும். டப்பா எங்கே இருந்தால் என்ன?

மஞ்சக்குப்பத்தாள்:
அண்ணே, 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையும் 100 கிராம் வெல்லமும் கலோரியில் 400-ஐ ஒட்டித்தான் வரும், பெரிய வித்தியாசம் கிடையாது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன வழிகாட்டுதலில், சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே, முடிந்தால் நாளுக்கு 25 கிராம் அளவில் இருக்கட்டும் என்றிருக்கிறது. தேனைக்கூட அந்தக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார்கள். நாட்டுச் சர்க்கரை போட்ட அதிரசமும் அதிரசம்தான்.

நெல்லிக்குப்பம் வாசி:
எங்கள் ஊரில் 1840-களிலேயே சர்க்கரை ஆலை வந்துவிட்டது. கரும்பைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். போன தீபாவளிக்கும் நீங்கள் இப்படித்தான் என் பதிவின் கீழே வந்து கணக்குப் போட்டீர்கள், நான் மறக்கவில்லை.

பண்ருட்டி:
சர்க்கரை சண்டையை விடுங்கள். பசித்தால் ஒரு கை முந்திரி சாப்பிடச் சொல்லுங்கள், நல்ல கொழுப்பு. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது.

மஞ்சக்குப்பத்தாள்:
வீட்டுக்கு வீடு இருக்கிறது என்பதுதானே சிக்கல். முந்திரி நல்லதுதான், ஆனால் 100 கிராம் 550 கலோரியைத் தாண்டும், முறுக்கு மிக்சரும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். கிலோ கணக்கில் உடைத்த முந்திரி டப்பாவில் கிடந்தால் ஒரு கை என்பது எப்போது நாலு கை ஆகிறது என்று யாருக்கும் தெரியாது. பத்துப் பருப்பை எண்ணிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு டப்பாவை உள்ளே வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். மறுபடியும் டப்பா எங்கே இருக்கிறது என்பதில்தான் வந்து நிற்கிறோம்.

லாஸ்பேட்டைக்காரன்:
எண்ணுவதற்கு உறுதி வேண்டாமா? அதைத்தான் நானும் சொல்கிறேன். என் வீட்டில் டப்பா சாப்பாட்டு மேஜை மேலேயே இருக்கிறது. மனைவி முறுக்கு, தட்டை எல்லாம் சுடுவார், பிள்ளைகள் தின்பார்கள், நான் தொடுவதில்லை. பரண் தேவைப்படவில்லை.

முதலியார்பேட்டை அக்கா:
இதற்காகவே இவ்வளவு நேரம் பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். உங்கள் மனைவி சுடுவார், நீங்கள் தொட மாட்டீர்கள். எண்ணெய்ச் சட்டி முன்னால் ஒன்றரை மணி நேரம் நிற்பது யார் தம்பி? வெந்ததா என்று முதல் ஈட்டில் ஒன்றை உடைத்துப் பார்ப்பது யார்? உப்பு, காரம் பார்ப்பது யார்? பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தட்டு தோசையை வீணாக்க மனமில்லாமல் வாயில் போடுவது யார்? அவருக்கு எடை கூடினால் அதற்கும் மன உறுதி இல்லை என்றுதான் சொல்வீர்களா?

லாஸ்பேட்டைக்காரன்:
என் வீட்டு விஷயத்தை இழுக்க வேண்டாம். நான் கேட்டது வான்சிங்க் ஆய்வைப் பற்றி. அது செல்லாது என்று ஒப்புக்கொள்கிறீர்களா இல்லையா?

முதலியார்பேட்டை அக்கா:
வீட்டை முதலில் இழுத்தது நீங்கள்தான்.

மஞ்சக்குப்பத்தாள்:
அக்கா சொன்னதுதான் இதில் பெரிய விஷயம். வீட்டில் டப்பாவை எங்கே வைத்தாலும் சமைக்கிறவளுக்கு அது தெரியும். அவளிடம் இருந்து எதையும் ஒளிக்க முடியாது. அதனால்தான் வாங்குகிற அளவிலேயே பிடிக்க வேண்டும் என்கிறேன். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் கால் கிலோவாகவும் கட்டிக் கொடுக்கிறார்கள், 50 கிராம் பொட்டலமும் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால் அன்றன்றைக்கு ஒரு பொட்டலம், அன்றோடு முடிந்தது. பலகாரம் சுட்டே ஆக வேண்டிய நாளில் நான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் அடுப்பு முன்னால் நிற்கிறேன், ருசி பார்க்கிற வேலை என் கணவருக்கு. ஆறியதும் பாதியை நாத்தனார் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் அன்றே கொடுத்துவிடுவோம். மிச்சம் எவர்சில்வர் டப்பாவில் பரணுக்குப் போகும். மூடி இறுக்கமான டப்பா, ஸ்டூல் போட்டு ஏறித் திறக்க வேண்டும், திறந்தால் சத்தம் கூடம் வரைக்கும் கேட்கும். அந்தச் சிரமத்துக்குள் பாதி ஆசை அடங்கிவிடும்.

அலுவலகத்தில் இதைவிடக் கஷ்டம். பிறந்த நாள் கேக், பதவி உயர்வு ஸ்வீட், ஊருக்குப் போய் வந்தவர் கொண்டு வரும் அல்வா, வேண்டாம் என்றால் முகம் வாடுகிறது. "டயட்டா?" என்று சத்தமாகக் கேட்டு நாலு பேரைத் திரும்ப வைக்கிறவர் ஒவ்வொரு அறையிலும் ஒருவர் உண்டு. நான் காரணம் சொல்வதே இல்லை, "இப்போதுதான் சாப்பிட்டேன்" என்று ஒரே பதில். காரணம் சொன்னால் விவாதம் வரும், விவாதம் வந்தால் கேக் தட்டு நம் கையில் வந்துவிடும்.

ஓ.டி. கடலூர்:
அலுவலக வடையைவிட உங்கள் புதுச்சேரிக் கடற்கரை பஜ்ஜிதான் ஆபத்து. எண்ணெய் கறுத்துக் கிடக்கிறது, செய்தித்தாளில் வைத்துக் கொடுக்கிறார்கள். 2018 ஜூலையிலிருந்தே பொரிக்கிற எண்ணெயில் துருவச் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெய் கெட்டு உண்டாகிறவை, 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, யார் அளக்கிறார்கள்?

அரியாங்குப்பம்:
உங்கள் கடலூர் வெள்ளிக் கடற்கரையில் மட்டும் அளந்துகொண்டா பொரிக்கிறார்கள்? தேவனாம்பட்டினத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்திருக்கிறேன், மீன் வறுத்த அதே சட்டியில் மிளகாய் பஜ்ஜி.

ஓ.டி. கடலூர்:
எங்கள் கடற்கரையில் மீனாவது மீனாக இருக்கிறது.

கோரிமேடு:
பிஎம்ஐ பற்றி நான் கேட்டதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

லாஸ்பேட்டைக்காரன்:
என் கேள்விக்கும்தான். இத்தனை பத்தி எழுதினார்கள், வான்சிங்க் பற்றி ஒரு வரி இல்லை.

மஞ்சக்குப்பத்தாள்:
வான்சிங்க் எக்கேடு கெட்டால் எனக்கென்ன சார்? அவர் பிறக்கும் முன்னாலேயே நம் பாட்டிகள் பலகாரத்தை உறியில் கட்டித் தொங்கவிட்டார்கள், பூனைக்காக மட்டுமா? உங்களுக்குப் பப்ஸ் கடை முன்னால் நடந்து போக முடிகிறது, நல்லது, போங்கள். ஆனால் உங்களால் முடிகிறது என்பதற்காக, முடியாமல் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்ட பெண்ணைக் கோழை என்று எழுத உங்களுக்கு உரிமை கிடையாது. அந்தச் சொல்லை எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

லாஸ்பேட்டைக்காரன்:
எடுக்க மாட்டேன். நான் சொன்னது செயலை, ஆளை இல்லை.

முதலியார்பேட்டை அக்கா:
அடுத்த முறை முறுக்கு பிழியும் நாளில் நீங்களே உரலைப் பிடித்துச் சுட்டு எடுத்து டப்பாவில் அடுக்கிவிட்டு வாருங்கள் தம்பி, அப்போது செயலைப் பற்றிப் பேசலாம்.

நெல்லிக்குப்பம் வாசி:
நாட்டுச் சர்க்கரையில் இரும்புச் சத்து இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டீர்கள்.

மஞ்சக்குப்பத்தாள்:
இரும்புச் சத்துக்கு முருங்கைக்கீரை இருக்கிறது அண்ணே. லாஸ்பேட்டைக்காரரே, அந்தப் பெண் இன்னும் இங்கே திரும்பி வந்து எழுதவில்லை. நீங்கள் அந்தச் சொல்லை எடுக்கும் வரை நான் இதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

லாஸ்பேட்டைக்காரன்:
கேளுங்கள். முதலில் வான்சிங்குக்குப் பதில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.