4 ஜிபி றாமில் 70 ‘சேர்விஸ் ஹோஸ்ட்’: வரம்பை உயர்த்தினால் என்ன நடக்கும்?

வணக்கம். கிளிநொச்சியில ஒரு கணினிக்கூடம், 8 மெஷின், எல்லாம் விண்டோஸ் 10, 4 ஜிபி றாம். டாஸ்க் மனேஜரைத் திறந்தால் ‘சேர்விஸ் ஹோஸ்ட்’ (விண்டோஸின்ர பின்னணிச் சேவைகளை ஓட்டுற புரொசெஸ்) எழுபதுக்கு மேல நிக்குது. வைரஸ் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. ‘ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்’ குடுத்துப் பாத்தாச்சு, சிஸ்டம்32 க்குள்ளதான் கிடக்கு.

2017 இல வந்த 1703 பதிப்பிலிருந்து, றாம் 3.5 ஜிபிக்கு மேல இருந்தால் முந்திக் குழுக்களா ஓடின சேவைகளில பெரும்பாலானதை விண்டோஸ் தனித்தனி புரொசெஸ்ஸாப் பிரிச்சுப்போடும். ஒண்டு விழுந்தால் பக்கத்தில இருக்கிறது விழாது, எது சிபியுவைத் தின்னுது எண்டும் உடனே பிடிபடும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒவ்வொண்டுக்கும் கொஞ்ச மெமரி போகுதே. எங்கட மெஷின் அந்த 3.5 ஜிபி வரம்பை மயிரிழையில தாண்டி நிக்குது, அதுதான் வில்லங்கம்.

ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸ் தன்ர அமைப்புகளைச் சேமிக்கிற இடம்) ‘கரன்ட் கொன்ட்ரோல் செட்’, அதுக்குள்ள ‘கொன்ட்ரோல்’, அங்க ‘எஸ்விசி ஹோஸ்ட் ஸ்பிளிட் திரெஷோல்ட் இன் கேபி’ எண்ட மதிப்பு 3670016 (கேபியில, அதாவது 3.5 ஜிபி). அதை 4194304 (4 ஜிபி) ஆக்கி ரீஸ்டார்ட் செய்தால் திரும்பக் குழுக்களாச் சேரும். (டெசிமலைத் தெரிவு செய்யாமல் அடிச்சால் எண் ஹெக்ஸா (16 ஐ அடியாக் கொண்ட எண்ணா) விழும், கவனம்.)

இதை 4 ஜிபி மெஷினில செய்து பாத்த ஆக்கள் இருக்கிறீங்களோ? எத்தினை எம்பி மிஞ்சினது? அப்டேட்டுக்குப் பிறகும் மதிப்பு நிண்டதோ?