சுவரோடு ஓட்டுக்கூரை சேரும் இடத்தில் ஒழுகல்: எங்கள் வீட்டு அனுபவம்

செங்கோட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் வீடு செங்கோட்டையில், ஆரியங்காவுக் கணவாயை நோக்கி மேற்கு முகமாக நிற்கிறது. முன்பகுதி, 1956 நவம்பர் 1-க்கு முன் இவ்வூர் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், தாத்தா மங்களூர் ஓடு வேய்ந்து கட்டியது. அதற்குப் பின்னால் என் தந்தை காங்கிரீட் மாடி எழுப்பினார். ஓட்டுச் சரிவின் மேல்விளிம்பு அந்த மாடிச் சுவரில் வந்து முட்டும் இடம்தான் ஏழெட்டு ஆண்டுகளாக எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

ஈரம் தெரிந்ததோ சுவரோரத்தில் அல்ல; பத்தடி தள்ளிக் கூடத்தின் நடுவில். அதனால் அவ்விடத்து ஓடுகளையே மூன்று முறை மாற்றினோம். ஐப்பசியில் கொட்டும் அடைமழைக்குச் சொட்டாத கூரை, ஆனி ஆடியில் வெறும் சாரலுக்கு ஏன் சொட்டுகிறது என்று எங்களில் ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர் தென்மலையிலிருந்து வந்த ஓர் ஆசாரி. ஐப்பசி மழை கிழக்கிலிருந்து வருவதால் மாடியே கூரைக்கு மறைப்பாகிவிடுகிறது என்றும், சாரலோ கணவாய்க் காற்றோடு வந்து நீரைச் சரிவின் மேல்நோக்கித் தள்ளிச் சுவரில் அறைகிறது என்றும் அவர் விளக்கினார்.

ஒழுகும் வாயைக் கண்டுபிடிக்க அவர் கையாண்ட முறையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ரப்பர் குழாயால் முதலில் கூரையின் கீழ்வரிசையில் மட்டும் கால்மணி நேரம் நீர் விட்டு, உள்ளே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு வரிசையாக மேலேறினார். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடமும் வழிந்து எதையும் காட்டிக்கொடுக்காது. சுவரோரத்தை எட்டிய பிறகே கூடத்தில் சொட்டியது. அங்கே நுழைந்த நீர், கூரைச் சரிவைத் தாங்கும் கழிக்கோலின் அடிப்பக்கமாகவே பத்தடி ஓடி, ஒரு பட்டியல் (குறுக்குச் சட்டம்) குறுக்கிட்ட இடத்தில் விழுந்திருக்கிறது.

அந்த இணைப்பில் கொத்தனார் ஆண்டுதோறும் சிமெண்ட் அணைத்துப் பூசுவார். சித்திரை வெயிலில் அது மயிரிழையாகப் பிளக்கும். கூரையைத் தாங்கும் மரம் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்குவது, சுவர் அசையாதது. இவ்விரண்டையும் விறைப்பான சிமெண்டால் ஒட்டவைத்தால் பிளவு வந்தே தீரும். மேலே நாங்கள் பீய்ச்சிய சிலிக்கோன் பசையும் புழுதி படிந்த சுண்ணாம்புச் சுவரில் பிடிக்காமல் தோலாக உரிந்தது.

ஆசாரி பழைய பூச்சு முழுவதையும் கொத்தியெடுத்துவிட்டு இரண்டு தகடுகளாகப் பிளாஷிங், அதாவது இணைப்பில் நீர் புகாமல் மூடும் தகடு, அமைத்தார். கீழ்த்தகடு சுவரையொட்டிய வரிசை ஓடுகளை எட்டு அங்குலம் மூடி, சுவரோரமாக ஆறு அங்குலம் நிமிர்ந்து நிற்கும். அது கூரையோடு மட்டுமே பிணைக்கப்பட்டது, அதுவும் ஓட்டின் மேட்டில், ரப்பர் வாஷர் போட்ட திருகுகளால். நீர் ஓடும் பள்ளத்தில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். மேல்தகட்டுக்காகச் சுவரில் ஓரங்குல ஆழம் காடி வெட்டி, அதன் மடிப்பை உள்ளே செருகினார். அது கீழ்த்தகட்டின் நிமிர்ந்த பகுதிமேல் மூன்று அங்குலம் தொங்கி மூடுகிறது. இரண்டையும் ஒன்றோடொன்று பிணைக்கவில்லை. கூரை அசைந்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொள்ளும். நாங்கள் வாங்கி வைத்திருந்த அலுமினியத் தகட்டை, ஈரச் சிமெண்ட் அதை அரித்துவிடும் என்று திருப்பிக் கொடுக்கச் சொல்லி, நிறம் பூசிய இரும்புத் தகடு வாங்கச் செய்தார். காடியை அடைக்கவும் சிமெண்டுக்குப் பதில் இழுபடும் தன்மையுள்ள பியூ (பாலியூரித்தேன்) சீலண்ட் என்ற அடைப்புப் பசையையே பயன்படுத்தினார். மூன்று சாரல் காலம் கடந்துவிட்டது, கூடம் உலர்ந்திருக்கிறது.

குழித்துறையிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணாச்சிக்கு வணக்கம். எங்களுக்கு வந்த சிக்கல் கூடுவாயில், அதாவது இரண்டு சரிவுகள் சேர்ந்து பள்ளமாகும் இடத்தில். வீட்டையடுத்து ரப்பர் தோட்டம் இருப்பதால் மார்கழி, தை மாதங்களில் உதிரும் இலை முழுவதும் அந்தத் தகட்டில் தங்கி, இடவப்பாதி மழையில் (வைகாசிப் பாதியையொட்டித் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) அணைபோல நீரைத் தேக்கியது. நீர் ஓட்டுக்கு அடியில் புகுந்தது. தகட்டில் ஓட்டையே இல்லாதபோதும் வீடு ஒழுகியது. இப்போது மாசியில் ஒருமுறையும் வைகாசி நடுவில் ஒருமுறையும், ஓட்டின்மேல் ஏறாமல் ஏணியில் நின்றபடி நீளக் கம்பு விளக்குமாற்றால் கூட்டுகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏசியின் செம்புக் குழாயிலிருந்து துத்தநாகம் பூசிய தகட்டின்மேல் நீர் சொட்டிக்கொண்டிருந்த இடம் மட்டும் சிவப்பாகத் துருவேறி ஓட்டையாகிவிட்டது. செம்பைத் தொட்டு வரும் நீர் துத்தநாகத்தைத் தின்றுவிடும் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. குழாய்க்கு உறை போட்டு, சொட்டும் நீரை வேறு பக்கம் திருப்பிய பிறகே தகட்டை மாற்றினோம்.

செங்கோட்டையிலிருந்து:

தங்கைக்கு நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இன்று காலை ஏணி வைத்துப் பார்த்தேன். எங்கள் தகட்டின் அருகே செம்புக் குழாய் எதுவும் இல்லை. ஆனால் வடக்கு ஓரத்தில் காடியிலிருந்து சீலண்ட் ஒரு சாண் நீளத்துக்கு விட்டிருக்கிறது. சுவர் வெயிலில் நன்றாகக் காய்ந்திருக்கும் இந்தப் பங்குனியிலேயே பழையதைச் சுரண்டியெடுத்துப் புதிதாக அடைக்க, ஆசாரிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.