முற்று இடைவெளியா, வாக்கிய இடைவெளியா?

பாளையங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சிக்கு வணக்கம். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கான இணையப் பாடத்தில் எழுத்து இடைவெளி, சொல் இடைவெளி, வரி இடைவெளி, பத்தி இடைவெளி நான்குக்கும் பெயர் வைத்தாயிற்று. ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் விடும் வெளி மட்டும் பாக்கி. ‘வாக்கிய இடைவெளி’ என்று போட்டுவிடலாமா?

தென்காசியிலிருந்து:

தம்பி, பொருளில் குற்றமில்லை, மெனுவில்தான் இடிக்கும். ‘வரி இடைவெளி’க்கு அடுத்து ‘வாக்கிய இடைவெளி’ வந்தால் இரண்டும் வகரத்தில் தொடங்கி ஒரே சொல்லில் முடியும். யாருக்காகச் செய்கிறோமோ அந்தப் பிள்ளையே மாற்றித் தொடும். ‘முற்று இடைவெளி’ என்பது என் கட்சி. முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, வியப்புக்குறி எதில் முடிந்தாலும் பொருந்தும்.

ஆங்கிலத்தில் புள்ளியைக் கண் தவறவிட்டாலும் அடுத்து வரும் பெரிய எழுத்து காட்டிக்கொடுக்கும். நமக்கு அந்த வசதி கிடையாது. ‘வந்தான்.’ என்று எழுதினால் னகரத்தின் தலையில் ஒரு புள்ளி, காலடியில் இன்னொன்று.

ஒன்று மட்டும் கவனம். 2012இல் இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் பலன் தந்தது எழுத்து இடைவெளி. அதை இதற்குச் சான்றாக விளக்கக் குறிப்பில் ஏற்றிவிடாதீங்க.

சேரன்மகாதேவியிலிருந்து:

அண்ணாச்சி சொல்லுவதே சரி. ஆனால் ‘முற்றிடைவெளி’ என்று புணர்த்திவிட வேண்டாம், பிரித்தே இருக்கட்டும்.

இனி வேலை. ஸ்பேஸ் பாரை இரண்டு முறை தட்டினால், இணையப் பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல் அதை ஒன்றாகச் சுருக்கிவிடும். உடையா வெளி, அதாவது அந்த இடத்தில் வரியை மடங்கவிடாத வெளி, சேர்ப்பவர்கள் அதைப் புள்ளியை ஒட்டி முதலில் வைத்து, சாதா வெளியைப் பின்னால் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் வரி மடங்கும்போது அடுத்த வரியின் தலையில் ஓட்டை விழும். இதற்கென்று, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் தனிப் பண்பு இல்லை. அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘ஸ்பேன்’ என்னும் எச்டிஎம்எல் உறைக்குள் பொதிந்து, வலப்பக்க மார்ஜினை ‘எம்’ என்னும், எழுத்துருவின் அளவை ஒட்டிய அலகில் கொடுப்பதே எனக்குப் பிடித்த வழி. பயனர் கூட்டலாம், குறைக்கலாம். பத்தி இடப்பக்கச் சீராகவே இருக்கணும். இருபுறமும் சீராக்கினால் சொல் வெளியே வரிக்கு வரி நீண்டு குறுகும். முற்று இடைவெளி அதில் கரைந்துபோகும்.

இணையப் பக்கம் எல்லாருக்கும் எட்டுவதற்கான நெறிமுறையான டபிள்யூசிஏஜி 2.1இல் எழுத்துருவின் அளவில் வரிக்கு 1.5 மடங்கு, பத்திக்குப் பின் 2, எழுத்துக்கு 0.12, சொல்லுக்கு 0.16 என்று உண்டு. வாக்கியத்துக்கு எதுவும் இல்லை. சொல் வெளியைப் பயனர் கூட்டும்போது நம் வெளி அதைவிடத் தெளிவாகப் பெரிதாகத் தெரிகிறதா என்று பாருங்க.

பத்தியை வாக்கியம் வாக்கியமாக வெட்டும் நிரல் சறுக்குவது தலைப்பெழுத்தில். ‘வ.உ.சி. ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்தார்.’ இதில் ‘சி.’க்குப் பின் வெட்டிவிடும். புள்ளிக்கு முன் ஓரெழுத்து மட்டும் நின்றால் தாண்டச் சொல்லணும். ‘திரு.’ போன்றவற்றுக்குத் தனி விலக்குப் பட்டியல் வேணும்.

பாளையங்கோட்டையிலிருந்து:

ஓரெழுத்து விதியிலேயே ‘ரூ.’, ‘கி.பி.’ இரண்டும் அடங்கிவிடும், ‘எண்.’, ‘பக்.’ விலக்கில் சேர்த்தாயிற்று. பாடத்தின் சொற்பட்டியலில் ஏறும் வரி இது:

முற்று இடைவெளி: வாக்கியத்தை முடிக்கும் குறிக்கும் அடுத்த வாக்கியத்தின் முதல் எழுத்துக்கும் நடுவே, சொல் இடைவெளிக்கு மேல் கூடுதலாக விடும் வெளி.