பெரியப்பாவின் பீரங்கி: வீட்டுக் குழுவில் ஒரு சாயங்காலம்

பெரியப்பா: 📷 என் மாதிரிப் பீரங்கியின் குழல் லேத் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. பித்தளை, 12 செ.மீ.

அத்தை: கண்ணிலேயே நிற்கிறது அண்ணா. எந்தக் கப்பல் பீரங்கி?

பெரியப்பா: விக்டரி. 1805-ல் டிரஃபால்கர் கடற்சண்டையில் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் இருந்த கப்பல். இப்போதும் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத்தில் இருக்கிறது. இது அதன் கீழ்த்தளத்து 32 பவுண்டுப் பீரங்கி. அசல் ஒன்பதரை அடி. நான் செய்வது 24-ல் ஒரு பங்கு.

அக்கா: எடை 32 பவுண்டுதானா?

பெரியப்பா: அது குண்டின் எடை கண்ணு. குழல் மட்டுமே இரண்டே முக்கால் டன் இருக்கும்.

நான்: பீரங்கியைத் தாங்கும் வண்டி முடிந்ததா பெரியப்பா?

பெரியப்பா: பிரித்துவிட்டேன்டா. நாலு சக்கரத்தையும் ஒரே அளவில் கடைந்திருக்கிறேன். பின்சக்கரம் சிறிதாக இருக்க வேண்டும்.

அத்தை: ஒரு நூல் வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகிறது?

பெரியப்பா: குழலுக்குத் தெரியுமே! மொட்டைமாடிக்கு வாட்டம் விடுகிறோம் இல்லையா, அதுபோலக் கப்பல் தளமும் நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரியும். பீரங்கி ஓரத்தைப் பார்த்து நிற்கும். முன்சக்கரம் பெரிதாக இருந்தால்தான் மட்டம் வரும்.

அக்கா: பக்கப் பலகை படிபடியாக இருக்கிறதே, அழகுக்கா?

பெரியப்பா: எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. படியில் கட்டையை ஊன்றிக் குழலின் பின்பக்கத்தை நெம்புவார்கள். அது தூக்கிய நேரத்தில் ஒருவர் அடியில் இருக்கும் ஆப்பைத் தள்ளுவார், இல்லை இழுப்பார். ஆப்பு உள்ளே போனால் குழல்வாய் தாழும். குறிபார்க்க உயரம் வைப்பது அவ்வளவுதான். சுட்டதும் வண்டி பின்னால் பாயும். இரண்டு பக்கமும் கட்டிய வடம்தான் பிடித்து நிறுத்தும். நின்ற இடத்திலேயே மறுபடி வெடிமருந்து திணிப்பார்கள்.

நான்: சக்கரம் தேக்கா?

பெரியப்பா: இல்லை, மஞ்சக்கடம்பு. தேக்கில் ரேகை பெரிது, இந்த அளவுக்கு ஒத்துவராது. அசல் வண்டி எல்ம் மரம்.

அத்தை: வடத்துக்கு?

பெரியப்பா: பருத்தி நூலை மூன்று புரியாக முறுக்கினேன். பிசிறு பிசிறாக நிற்கிறது.

அத்தை: முறுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு புரியிலும் தேன்மெழுகு இழுங்கள், படிந்துவிடும். தையல் பெட்டியில் ஒரு கட்டி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.

பெரியப்பா: வாம்மா. பின்சக்கரம் இரண்டையும் அதற்குள் கடைந்து வைக்கிறேன்.