கலைச்சொல்: பின்பால் துடுப்பின் 'எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக்' சுவிட்சுக்கு ஒரு பெயர்

குழுமத்தாருக்கு வணக்கம்.

பழைய பின்பால் இயந்திரங்களின் (சாய்வான தளத்தில் பந்தை அடித்து ஆடும் விளையாட்டு இயந்திரங்கள்) மின்பழுதுகளைச் சரிசெய்யும் கையேட்டுக்கான சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. உருகி (ஃபியூஸ்), மின்மாற்றி, இருமுனையம் (டையோடு), வரிச்சுருள் (சோலினாய்டு) எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை. அவற்றில் நான் கைவைக்கவில்லை. பந்தை அடிக்கும் ஃபிளிப்பருக்குத் 'துடுப்பு' என்று சென்ற விவாதத்தில் முடிவாயிற்று. ஒன்று மட்டும் இழுபறியில் நிற்கிறது. பொத்தானை அழுத்தியதும் துடுப்பு மேலே பாய்கிறதல்லவா, அந்தப் பாய்ச்சல் முடியும் இடத்தில் பொறியோடு ஒட்டியிருக்கும் சிறிய தகட்டு ஆளி. ஆங்கிலத்தில் எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக் சுவிட்ச், சுருக்கமாக ஈஓஎஸ்.

இதுவரை வந்த பரிந்துரைகள்: எல்லை ஆளி, வீச்சுமுடிவு ஆளி, நிறுத்தாளி. எனக்கு முதலாவதன் பக்கம் சாய்வு. லிமிட் சுவிட்ச் என்ற பொறியியல் கருத்துக்கு அது நெருக்கமாக இருக்கிறது. மறுப்பு இல்லையென்றால் அதையே ஏற்றிவிடுகிறேன்.

———

மறுமொழி:

> மறுப்பு இல்லையென்றால் அதையே ஏற்றிவிடுகிறேன்.

மறுப்பு இருக்கிறது, ஐயா. கொஞ்சம் நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

'எல்லை', 'நிறுத்து' இரண்டுமே படிப்பவர் மனத்தில் ஒரு தவறான படத்தை வரைகின்றன: இந்த ஆளிதான் துடுப்பை நிறுத்துகிறது என்று. துடுப்பை நிறுத்துவது வெறும் இரும்பு. வரிச்சுருளுக்குள் இழுபடும் உந்துதண்டு, சுருளின் அடியில் பொருத்தப்பட்ட இரும்புத் தடுப்பில் மோதி நிற்கிறது. ஆளியைக் கழற்றி எறிந்தாலும் துடுப்பு அதே இடத்தில்தான் நிற்கும். ஆளி செய்வது வேறு வேலை. அதைச் சொல்லாமல் பெயரைப் பேச முடியாது.

துடுப்பின் வரிச்சுருளில் ஒன்றல்ல, இரண்டு கம்பிச் சுற்றுகள் உண்டு. தடித்த கம்பியில் குறைந்த சுற்றுகளாக ஒன்று. மயிரிழைபோல் மெல்லிய கம்பியில் நிறையச் சுற்றுகளாக மற்றொன்று. முதலாவதன் மின்தடை சில ஓம்தான். பந்தை அடித்து ஏற்றும் வேகம் அதிலிருந்து வருகிறது. இரண்டாவதன் மின்தடை அதைப்போலப் பல மடங்கு. பொத்தானை விடாமல் பிடித்திருக்கும்போது துடுப்பை மேலேயே தாங்கி நிற்பது அதன் வேலை. ஆங்கிலத்தில் பவர் வைண்டிங், ஹோல்டு வைண்டிங். பட்டியலில் இவற்றுக்குத் 'திறன் சுருணை', 'தக்கவைப்புச் சுருணை' என்று இருக்கிறது. பார்த்தால் பரீட்சைக்குப் படிப்பது போலிருக்கிறது. அடிசுற்று, பிடிசுற்று என்று வைத்துக்கொள்ளலாமே. அடிப்பது ஒன்று, பிடிப்பது ஒன்று.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் ஆளி உட்கார்ந்திருக்கிறது. பழைய இயந்திரங்களில் பெரும்பாலும் துடுப்பு கீழே ஓய்வாக இருக்கையில் ஆளி மூடியிருக்கும்; மின்சாரம் பிடிசுற்றைச் சுற்றிக்கொண்டு நேராக அடிசுற்றின் வழியே மட்டும் பாயும். துடுப்பு மேலே போய்ச் சேரும் கணத்தில் பொறியின் முனை தகட்டைத் தள்ளி ஆளியைத் திறக்கும். அதன்பின் மின்சாரம் பிடிசுற்றையும் கடந்தே போயாக வேண்டும். (இரண்டு சுற்றுகளும் பக்க இணைப்பில் இருக்கும் வடிவமும் உண்டு, அங்கே ஆளி திறந்ததும் அடிசுற்று அணைந்துவிடும். விளைவு ஒன்றே.)

எண்ணில் பார்த்தால் சங்கதி விளங்கும். 1970களின் பிற்பகுதியில் வந்த பாலி நிறுவன இயந்திரங்களில் வரிச்சுருள்களுக்கு 43 வோல்ட். அடிசுற்று 4 ஓம் என்று வைத்தால் 10 ஆம்பியருக்கு மேல் பாயும். 400 வாட்டைத் தாண்டும் சூடு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சுருளுக்குள். பிடிசுற்றின் 150 ஓம் சேர்ந்ததும் 0.3 ஆம்பியருக்கும் கீழே இறங்கிவிடும். அந்த 10 ஆம்பியரைச் சுருள் ஒரு கணம் தாங்கும். பந்தைத் துடுப்பில் நிறுத்திக் குறிபார்க்கும் நேரமெல்லாம் தாங்காது.

ஆகவே ஆளி திறக்கவில்லையென்றால் முதலில் வாடை வரும், பிறகு சுருளுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழல் இளகி உந்துதண்டைப் பிடித்துக்கொள்ளும், அல்லது அதற்கு முன்பே உருகி போகும். உருகி போவதுதான் ஆளை அலைக்கழிக்கும் வகை. பாலி இயந்திரங்களின் நுண்செயலிப் பலகையில் ஓர் எல்இடி விளக்கு, இயந்திரத்தை இயக்கியதும் ஒவ்வொரு சோதனையாகத் தேறத்தேற ஏழு முறை சிமிட்ட வேண்டும். ஏழாவது சிமிட்டல் அந்த 43 வோல்ட் வந்துசேர்ந்ததா என்பதற்கானது. உருகி போன பிறகு இயக்கினால் ஆறோடு நின்றுவிடும், ஆட்டமும் தொடங்காது. உடனே பலகையைக் கழற்றி, நினைவகச் சில்லுகளை மாற்றி, பற்றாசு (சால்டர்) வைத்துப் பற்றாசு எடுத்துப் பொழுதைப் போக்குகிறவர்கள் பலர். குற்றவாளி பலகையிலேயே இல்லை. ஆடுதளத்துக்கு அடியில், விலகாத இரண்டு தகடுகளில் இருக்கிறான். அதைச் சரிசெய்யாமல் பெரிய ஆம்பியர் உருகியைப் போடுகிறவரைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அவருக்குச் சுருள் சொல்லும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆளியின் முனைகள் பொறி பறந்து பறந்து கரிந்து குழிவிழுந்திருந்தால், மூடியிருப்பதுபோல் தெரியும்; ஆனால் மின்சாரம் போகாது. அப்போது அடிக்க வேண்டிய நேரத்திலேயே பிடிசுற்று குறுக்கே வந்து நிற்கும். துடுப்பு நோயாளிபோல் மெல்ல எழும். இதைப் பார்த்துச் சுருளையே மாற்றுகிறார்கள். அரம் கொண்டு முனைகளைத் தேய்த்தால் போதும். பழைய துடுப்பு ஆளிகளின் முனை டங்ஸ்டன், அரத்தைத் தாங்கும். ஆனால் ஆடுதளத்தில் இருக்கும் மற்ற சிறு ஆளிகளில் அதே அரத்தை வைத்துவிடாதீர்கள். மின்னணு இயந்திரங்களில் அவற்றுக்குத் தங்கமுலாம் பூசியிருக்கும். தடித்த அட்டையை நடுவில் செருகி இழுத்தால் அழுக்கு வந்துவிடும்.

மூன்றாவது பழுது எனக்குப் பிடித்தது, ஏனெனில் அது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். பிடிசுற்றின் மெல்லிய கம்பி, சுருளின் இணைப்புக் காதருகே அறுந்துபோகும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் துடுப்பு ஏறும், ஆளி திறக்கும், தாங்குவதற்கு எதுவும் இல்லாததால் விழும், விழுந்ததும் ஆளி மூடும், மறுபடி ஏறும். தடதடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் மீட்டரை எடுக்கும் முன்பே விடை தெரியும்.

இப்போது பெயருக்கு வருகிறேன். கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இயந்திரத்தின் முன் நிற்பவர் 'எல்லை ஆளி திறக்கவில்லை' என்று படித்தால், துடுப்பு எல்லை தாண்டிப் போகிறதோ என்று பார்ப்பார். அது தாண்டாது. ஒழுங்காகப் போய் நிற்கும், நின்றபடியே எரியும். பெயர் அவரைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிட்டது. அடிசுற்றிலிருந்து பிடிசுற்றுக்கு வேலை கைமாறும் இடம் இது. ஆகவே 'கைமாற்று ஆளி' என்பது என் பரிந்துரை.

———

மறுமொழி:

விளக்கத்துக்கு நன்றி. அடிசுற்று, பிடிசுற்று இரண்டையும் கேள்வியே இல்லாமல் ஏற்கலாம். 'கைமாற்று' எனக்குச் சரிப்படவில்லை. காரணம் இரண்டு.

ஒன்று சிறியது. கைமாற்று என்றால் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கடன். எழுத்துப் பத்திரம் இல்லாமல் வாங்கி, திருப்பித் தர மறந்துபோகும் கடன். 'கைமாற்று ஆளி பழுது' என்று தலைப்பிட்டால் வேறு வகை வாசகர்கள் வந்து சேர்வார்கள்.

மற்றது பெரியது, ஐயா. நீங்கள் சொன்ன சுற்றுவழி பழையது. 1990களின் தொடக்கத்தில் வில்லியம்ஸ் நிறுவனம் 'ஃபிளிப்ட்ரானிக்ஸ்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதில் அடிசுற்றையும் பிடிசுற்றையும் தனித்தனித் திரிதடையங்கள் (டிரான்சிஸ்டர்கள்) வழியாகக் கணினியே இயக்குகிறது. அதே இடத்தில் அதே ஆளி இருக்கிறது, பெயரும் ஈஓஎஸ் தான். ஆனால் அது ஓய்வில் திறந்திருக்கும். துடுப்பு மேலே வந்ததும் மூடும். சுருளின் மின்சாரம் அதன் வழியாகப் போவதே இல்லை. 'வந்துவிட்டது' என்று கணினிக்குச் சொல்வதோடு அதன் கடமை முடிந்தது. கைமாற்றுவது கணினி. அந்த ஆளி கெட்டாலும் ஆட்டம் நடக்கும். பந்து வேகமாக வந்து மோதும்போது, தூக்கிப் பிடித்த துடுப்பு சற்றுச் சரியலாம், அவ்வளவே.

ஆக, செய்யும் வேலையை வைத்துப் பெயரிட்டால் ஒரு தலைமுறை இயந்திரங்களுக்குப் பொருந்தும், அடுத்ததற்குப் பொய்யாகும். பழைய தகட்டைப் பார்த்துப் பழகியவர், புதியதிலும் 'கைமாற்று' என்று படித்துவிட்டு, ஓய்வில் அது மூடியிருக்க வேண்டும் என்று தகட்டை வளைத்துவைப்பார். நீங்கள் 'எல்லை'யின்மேல் வைத்த அதே குற்றச்சாட்டு.

'வீச்சுமுடிவு' என் பரிந்துரைதான் என்றாலும் அதையும் காப்பாற்ற விரும்பவில்லை. வீச்சு என்பதை இயற்பியலில் அலையின் உயரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மின்சாரம் பேசும் நூலில் அந்தச் சொல் இரண்டு வேடம் போடக் கூடாது.

———

மறுமொழி:

ஃபிளிப்ட்ரானிக்ஸ் வாதம் வலுவானது, அம்மா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. நம் கையேடு பழைய இயந்திரங்களுக்குத்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பட்டியலைப் பிறகு எடுப்பவர்கள் அந்த எல்லையைப் பார்க்க மாட்டார்கள். கைமாற்றை விட்டுவிடுகிறேன்.

அப்படியானால் இரு தலைமுறைக்கும் மாறாதது எது? திறப்பதா மூடுவதா என்பது மாறுகிறது. 10 ஆம்பியரைச் சுமப்பதா வெறும் சைகை கொடுப்பதா என்பது மாறுகிறது. மாறாதது ஒன்றே: துடுப்பு உச்சிக்கு வந்தபோது நிலை மாறும் ஆளி. 'உச்சி ஆளி' என்றால் என்ன? நிறுத்துகிறது என்று பொய் சொல்லாது. திறக்கிறது, மூடுகிறது என்று எதையும் முன்கூட்டிச் சொல்லாது. இரண்டே சொல். வினையோடும் நன்றாகச் சேர்கிறது: உச்சி ஆளி விலகவில்லை, உச்சி ஆளி கரிந்துவிட்டது, உச்சி ஆளி முந்திக்கொள்கிறது.

கடைசியாகச் சொன்னதும் ஒரு பழுதுதான், முன்பு விட்டுவிட்டேன். தகடு வளைந்து, துடுப்பு பாதி தூரம் ஏறும்போதே ஆளி திறந்துவிட்டால், அடி பாதியில் நின்றுபோகும். சுருள் சூடாகாது, உருகி போகாது, முனைகள் பளபளவென்று இருக்கும். பந்து மட்டும் மேலே போய்ச் சேராது. கையால் துடுப்பை மெல்லத் தூக்கிப் பார்த்தால் தெரியும். ஏற்றத்தின் கடைசித் துளியில் திறக்க வேண்டும். முழுதும் ஏறிய நிலையில் முனைகளுக்கிடையே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். இதைச் செய்யும்போது இயந்திரத்தின் மின்செருகியை உருவிவிட்டுச் செய்ய வேண்டும் என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போடுங்கள். உருவியதும் உடனே கைவைக்கக் கூடாது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எண்காட்டிகளுக்குப் போகும் மின்னழுத்தம் 170 வோல்ட்டுக்கு மேல்; அதன் மின்தேக்கிகள் உருவிய பிறகும் சிறிது நேரம் அதை வைத்திருக்கும்.

'உச்சி' துடுப்புக்கு மட்டும் பொருந்துமா, மேலே போகாத பொறிகளுக்கு என்ன செய்வது என்று யாரேனும் கேட்கலாம். ஆடுதளமே சாய்வானது. துடுப்பின் நுனி ஏறும் திசையை எல்லோரும் மேல் என்றுதான் சொல்கிறார்கள். 1947இல் காட்லீப் நிறுவனத்தின் ஹம்ப்டி டம்ப்டி இயந்திரத்தில் முதன்முதலாகத் துடுப்புகள் வந்தபோது, அவை ஆறும் பக்கவாட்டில், இன்றைக்கு எதிர்த் திசையில் நுனியை நீட்டிக்கொண்டு இருந்தன. ஆனாலும் பந்தை மேல்நோக்கித்தான் தள்ளின.

———

மறுமொழி:

உச்சி ஆளி எனக்குச் சம்மதம். எல்லையை எடுத்துவிட்டேன். ஒரே ஐயம்: பட்டியலில் மற்ற தொகைச் சொற்களைச் சேர்த்தே எழுதியிருக்கிறோம். இதையும் 'உச்சியாளி' என்று சேர்த்துவிடவா?

———

மறுமொழி:

வேண்டவே வேண்டாம். சேர்த்தால் நடுவில் ஒரு யாளி வந்து உட்கார்ந்துகொள்ளும். கோபுர உச்சியில் இருந்தால் அழகு. பின்பால் இயந்திரத்துக்குள் எதற்கு? பிரித்தே எழுதுங்கள். பதிவுக்கு என் வரைவு இது:

உச்சி ஆளி: துடுப்பு முழுதும் ஏறிய நிலையில் பொறியால் தள்ளப்பட்டு நிலை மாறும் தகட்டு ஆளி. பழைய இயந்திரங்களில் ஓய்வில் மூடியிருந்து, உச்சியில் திறந்து, அடிசுற்றின் மின்னோட்டத்தைக் குறைக்கும் அல்லது அணைக்கும். பிற்கால இயந்திரங்களில் ஓய்வில் திறந்திருந்து, உச்சியில் மூடிக் கணினிக்குச் சைகை தரும். காண்க: அடிசுற்று, பிடிசுற்று.

———

மறுமொழி:

ஏற்றிவிட்டேன். அடுத்தது இதைவிடச் சிக்கல். ஆளி அணியில் (ஆளிகளைக் கிடைவரிசை, நெடுவரிசைகளாகக் கோத்த வலை) ஓர் இருமுனையம் குறுக்குச்சுற்றாகிவிட்டால், செவ்வகத்தின் மூன்று மூலைகளில் ஆளிகள் மூடியிருக்கையில், யாரும் தொடாத நான்காம் மூலையும் மூடியதாகக் கணினி படிக்கிறதே, அந்தப் பொய்த் தொடுகை. 'பேய்த்தொடுகை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புதிய இழையில் தொடர்வோம்.